விருப்பப்பட்டுக் கொடுத்த சாவி

அரசாங்கத்துக்கு இரக்கம் வந்தால் யாராவது ஒருவருக்கு வேலை வந்து சேரும். இந்த முறை அது சாவிக்காரருக்கு வந்தது.

இரக்கம் வந்த விதம் இப்படி. தனியாக இருந்த ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு நாள் எழ முடியாமல் கிடந்தார். கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார், கதவுதான் பிழைக்கவில்லை. உடைந்த கதவின் படம் செய்தித்தாளில் வந்தது. அதைப் பார்த்து அமைச்சர் கண்கலங்கினார் என்று மறுநாள் அமைச்சரின் படம் வந்தது. அடுத்த வாரமே இல்ல நலத் துறை என்று ஒன்று பிறந்துவிட்டது.

துறையின் கொள்கை குழந்தைக்கும் புரியும். ஒவ்வொரு வீட்டுச் சாவிக்கும் ஒரு நகல் அரசாங்கத்திடம் இருக்க வேண்டும். யாராவது விழுந்தால் இனிமேல் கதவை உடைக்காமல், அழகாகத் திறந்து தூக்கிக்கொள்ளலாம். கட்டாயம் எதுவும் கிடையாது. மக்கள் தாங்களாகவே விருப்பப்பட்டுக் கொடுக்கலாம். விருப்பம் வருவதற்கு ஒரு மாதம் அவகாசம். அதற்குள் வராதவர்கள், ஏன் வரவில்லை என்று ஏழாம் எண் படிவத்தில் எழுதித் தர வேண்டும். ஊர்ச் சுவரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள்: “மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை, கதவில் ரகசியமில்லை.” முதல் இரண்டும் பழமொழி. மூன்றாவது துறையின் சொந்தச் சரக்கு.

சாவிக்காரரின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். முப்பது வருஷம் குனிந்தே வேலை பார்த்ததில், வெளியே வந்த பிறகும் இவருக்கு நிமிர மறந்துவிடுகிறது என்று அவர் மனைவி சொல்வாள். அந்த வார்டில் பாதிக் கதவுகளின் பூட்டு அவர் கைபட்டது. துறைக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது. அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. மேலே ‘அழைப்பு’ என்று போட்டிருந்தது. கீழே, வராவிட்டால் பாயக்கூடிய மூன்று சட்டப் பிரிவுகள்.

துணை இயக்குநர் நல்ல மனிதர். பின்னால் நினைத்துப் பார்க்கும்போது சாவிக்காரருக்கு அதுதான் பெரிய சிக்கலாகத் தெரிந்தது. கத்துகிற ஆளாக இருந்தால் கோபமாவது வந்திருக்கும். இவர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ சொன்னார், முதுகு வலிக்கிறதா என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் மேசை இழுப்பறையின் சாவி நாலு நாளாகக் காணவில்லை என்றார். சாவிக்காரர் ஒரு கம்பியை வளைத்து, டீ ஆறுவதற்குள் திறந்து கொடுத்தார். உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடியும் பாதி பிஸ்கட் பொட்டலமும் இருந்தன. விஷயம் வெளியே போக வேண்டாம் என்று துணை இயக்குநர் கேட்டுக்கொண்டார். ஊர் முழுக்கச் சாவியை ஒப்படைக்கப்போகிற நேரம், மக்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்களாம்.

“நாங்க யாரோட சுதந்திரத்துக்கும் எதிரி இல்லைங்க” என்றார் அவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. “மக்களுக்கு அதைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல. அங்க இங்க போட்டுத் தொலைச்சுடறாங்க. அதனால நாங்க வாங்கி வெச்சுக்கறோம். வேணுங்கறப்ப வந்து கேட்டா, பார்க்கலாம்.”

விருப்பமில்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று சாவிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தாராளமா வேணாம்னு சொல்லலாம். அவங்களுக்குன்னே தனி கவுண்டர் வெச்சிருக்கோம். நாலாவது மாடி, வியாழக்கிழமை, பத்து மணியிலேர்ந்து பத்தேகால் வரைக்கும்.”

கட்டடத்துக்கு மூன்று மாடிகள்தான். சாவிக்காரர் வெளியே வந்து இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். சட்டையில் ‘இல்ல நலத் தோழர்’ என்று ஒரு வில்லையைக் குத்தி அனுப்பியிருந்தார்கள். இந்த வருஷம் உங்கள் தொழில் உரிமம் புதுப்பிக்க வருகிறதல்லவா என்று துணை இயக்குநர் வாசல்வரை வந்து அக்கறையாகக் கேட்டதும் அவர் காதில் இருந்தது.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஊரோடு ஒத்து வாழ் என்றாள். தங்கள் வீட்டுச் சாவியைத்தான் அவர் முதலில் வெட்டினார். அவர் வெட்டாவிட்டால் வேறு யாராவது வெட்டுவார்கள், அரைகுறையாக வெட்டிப் பூட்டைக் கெடுத்தும் வைப்பார்கள் என்று தனக்குத் தானே ஒரு சமாதானமும் வெட்டிக்கொண்டார்.

கடை வாசலில் வரிசை நின்றது. யாரும் முனகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலர் சந்தோஷமாகவே கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு கொடுத்தார்கள், அடுத்த வீட்டுக்காரருக்கும் கேட்க வேண்டுமே. அவர் காலை எட்டு மணிக்கு அரத்தைக் கையில் எடுத்தால் மாலைவரை பித்தளைப் பொடி மடியில் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

அக்கா மட்டும் வரவில்லை.

அக்கா அவருக்கு எட்டு வயது மூத்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு மூன்று தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பிக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மெதுவாகப் பேச்சை எடுத்தார். எல்லாரும் கொடுத்துவிட்டார்கள், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

அக்கா அவருக்கு மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

“முப்பது வருஷம் ஊரார் பேச்சுக்கு ஒயர் மாட்டிக் குடுத்தேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கால், என்னவோ புத்தி, காதுல வெச்சுக் கேட்டேன். புருஷன் பெண்டாட்டி. ரகசியம்லாம் இல்ல. பால் வாங்கியாச்சா, குழந்தை தூங்கிச்சான்னு, அவ்வளவுதான். அந்தப் பொண்ணை அப்புறம் கடைத்தெருவுல பார்க்கறப்பல்லாம் எனக்குத் தலை நிமிரல. மறைக்கறதுக்கு அவகிட்ட ஒண்ணும் இல்லடா. கேட்டது நான்தானே.”

ஏழாம் எண் படிவத்தை அவள் நிரப்பித்தான் அனுப்பினாள். விருப்பமின்மைக்கான காரணத்துக்கு அதில் மூன்று கட்டங்கள். ஒன்று: ‘மறைக்க ஏதோ இருக்கிறது.’ இரண்டு: ‘மறைக்க ஏதோ இருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல விருப்பமில்லை.’ மூன்று: ‘இதர.’ மூன்றாவதற்கு அரை அங்குல இடம் விட்டிருந்தார்கள். அக்கா அதில் இரண்டு சொல் எழுதினாள்: ‘என் வீடு.’

அது ஒரு காரணமா, காரணமில்லையா என்று முடிவு செய்ய துறை மூன்று வாரம் கூடிப் பேசியது. காரணம் என்று ஒப்புக்கொண்டால் ஊரில் எல்லாருக்கும் அந்தக் காரணம் இருந்தது. காரணமில்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத வேண்டியிருந்தது. கடைசியில் கோப்பை நாலாவது மாடிக்கு அனுப்புவது என்று தீர்மானித்தார்கள்.

இதற்குள் நல வருகைகள் தொடங்கிவிட்டன. வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு அலுவலர்கள் வருவார்கள், திறந்து பார்ப்பார்கள், மேசைமேல் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார்கள். ‘வந்தோம். குழாய் சொட்டுகிறது. கவனிக்கவும்.’ ஜனங்களுக்கு அது முதலில் பெருமையாகக்கூட இருந்தது. அடுப்பை அணைக்காமல் போன ஒரு வீட்டில் அலுவலர்களே அணைத்துவிட்டுப் போனதை அந்த வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இரண்டாம் மாதம் சீட்டின் தோரணை மாறியது. ‘பரணில் உள்ள பெட்டி ஏன் பூட்டியிருக்கிறது?’ பெட்டிச் சாவிக்கு நகல் வெட்ட மறுபடி வரிசை. ‘படுக்கையறை அலமாரியின் இரண்டாம் தட்டு ஒழுங்காக இல்லை.’ ‘தங்கள் மகள் நாட்குறிப்பில் சந்திப்பிழைகள் அதிகம்.’ இந்தக் கடைசிச் சீட்டு வந்த வீட்டுப் பெண் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை என்று சாவிக்காரர் கேள்விப்பட்டார். அந்த நாட்குறிப்புக்குக் கடுகளவு பூட்டு ஒன்று இருந்தது. அதற்கும் அவர்தான் சாவி வெட்டினார். சின்னச் சாவி, நுணுக்கமான வேலை, நன்றாக வந்திருக்கிறது என்று அன்று மனைவியிடம் காட்டக்கூடச் செய்தார்.

திட்டம் எதற்காகப் பிறந்ததோ அதுவும் ஒருநாள் நடந்தது. சாவிக்காரர் கடைக்கு எதிர் மாடியில் இருந்த தையற்காரர் மயங்கி விழுந்தார். முனகல் வெளியே கேட்டது. அக்கம்பக்கத்தார் சாவிக்காரரையும் இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடினார்கள். சாவி அறைக்கு மூன்று பூட்டு, மூன்று அதிகாரிகளிடம் மூன்று சாவி. இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாமவர் ‘துரித சேவை’ என்ற பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார், வெள்ளிக்கிழமை வருவார் என்றார்கள். திரும்பி ஓடி வந்து, சாவிக்காரர் கருவிப் பெட்டியை எடுத்து வருவதற்குள் கதவை உடைத்துவிட்டார்கள். தையற்காரர் கால் எலும்பு முறிந்து, உயிரோடு கிடைத்தார். பத்தாம் நாள் அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது: அரசிடம் சாவி இருக்கும்போதே கதவு உடைபடக் காரணமாக இருந்து, திட்டத்தின்மீது பொதுமக்களுக்கு அவநம்பிக்கை ஏற்படுத்தியது. தையற்காரர் மாவுக்கட்டுக் காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினார். எழுதும்போது, விழுந்தது என் தப்புதானே என்று சாவிக்காரரிடம் சொன்னார். அவர் உண்மையாகவே அப்படி நம்பத் தொடங்கியிருந்தார்.

அந்தச் சம்பவத்திலிருந்து துறை ஒரு பாடம் கற்றுக்கொண்டது. தையற்காரர் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். தாழ்ப்பாளுக்கு வெளியிலிருந்து சாவி கிடையாது. ஆகவே கோளாறு தாழ்ப்பாளில்தான் இருக்கிறது. ‘தாழ்ப்பாள் ஒழிப்பு வாரம்’ அறிவித்தார்கள். சாவிக்காரர் திருப்புளியோடு வீடு வீடாகப் போனார். வாசல், அறை, கடைசியில் குளியலறையும் என்றார்கள். ஒரு வீட்டில் கல்யாணமாகி இருபது நாளான பெண் கதவோரம் நின்று அவர் திருகு கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றின தாழ்ப்பாளை அவளிடம் நீட்டினார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று அவர் வில்லையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். மறுநாள் காலை எடுத்துக் குத்திக்கொண்டார். அக்கா வீட்டுக்கு மட்டும் அவர் திருப்புளியோடு போகவில்லை. கேட்டதற்கு, வீடு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் துணை இயக்குநர் கடைக்கே வந்தார். படிக்கு அடியில் அவரும் குனிய வேண்டியிருந்தது.

வார்டில் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். நாலாயிரத்து இருநூற்றுப் பதினொன்று வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை அமைச்சர் வருகிறார், முழுமை பெற்ற முதல் வார்டுக்குக் கேடயம் தருகிறார். அக்காவின்மேல் தனக்கு மரியாதைதான் உண்டு, அவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், சாவி ஒரு கொக்கியில் தொங்கினால் போதும் என்றார் துணை இயக்குநர். யாரும் தொடக்கூட மாட்டார்கள், கணக்குக்காகத்தான்.

“அவங்க குடுக்க மாட்டேன்னு எழுதியே குடுத்துட்டாங்களே, சார்” என்றார் சாவிக்காரர்.

“அவங்க குடுக்க வேணாம். அவங்க குடுத்ததா இருந்தா போதும்.”

சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படித்தார். இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது போலிருக்கிறதே என்று வருத்தப்பட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது.

அக்கா வீட்டுப் பூட்டு ஆறு லீவர் பூட்டு. அத்தான் இறந்த மாதம் சாவிக்காரரே தேர்ந்தெடுத்து மாட்டியது. அதன் சாவியின் ஏற்ற இறக்கங்கள் அவர் விரலுக்குத் தெரியும். சோப்பில் அச்செடுத்துக்கொண்டு வந்து நின்ற எத்தனையோ பேரை அவர் திட்டித் துரத்தியிருக்கிறார். திருடன் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி என்பார்களே, அந்தப் பழி தன் தொழிலுக்கு வரக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. இப்போது அச்சும் இல்லாமல், அசலும் இல்லாமல், ஞாபகத்திலிருந்தே வெட்டினார். முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும். பள்ளிக்கூட நாளில் மதிப்பெண் குறைந்தபோதெல்லாம் அட்டையில் அக்கா கையெழுத்தைத் தானே போட்டுப் பழகிய கை அது. அதற்கும் அதிக நேரம் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அமைச்சர் கேடயம் கொடுத்தார். ஒரு பூட்டுகூடத் தன்னை நம்பாத ஊரில் தான் வாழ விரும்பவில்லை என்று பேசினார். கைதட்டினார்கள். சாவிக்காரரும் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா உற்சாகமாக இருந்தாள். வழக்கத்தைவிட ஒரு கறி அதிகமாகச் சமைத்திருந்தாள்.

“நான் இந்த அரசாங்கத்தை என்னவோன்னு நெனச்சேன்டா. பரவாயில்ல. வேணாம்னு எழுதிக் குடுத்தா, சரின்னு விட்டுடறாங்க. எத்தனை வாரம் ஆச்சு, ஒருத்தர் வந்து கேக்கல. அவங்களும் மனுஷங்கதான்.” அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். “நீகூட பயந்தே. பயப்படாம சொல்லிப் பார்க்கணும்.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுக்கவில்லை. ஒவ்வொரு கவளத்திலும் கல் கடிபட்டது. உடம்பு சரியில்லையா என்று அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையைத் தட்டிவிடலாமா, பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பாடு பிரமாதம் என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் துறைக்குப் போய் அந்தச் சாவியைத் திருப்பிக் கேட்டார். எழுத்தர் நிதானமாக விளக்கினார். சாவியைத் திரும்பப் பெற வீட்டுக்காரர் விண்ணப்பிக்க வேண்டும். தான் விருப்பப்பட்டுத்தான் கொடுத்தேன் என்று அதில் முதல் வரியில் உறுதிமொழி தர வேண்டும். அது வந்த பிறகு, விருப்பப்பட்டுக் கொடுத்ததை ஏன் திரும்பக் கேட்கிறார் என்று விசாரணை வைப்பார்கள்.

பதினைந்து நாளில் அக்கா வீட்டு முறை வந்தது. முழுமை பெற்ற வார்டு என்பதால் ஒரு வீட்டையும் விடக் கூடாதாம். மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பிய அக்கா, தன் வீட்டு மேசையில் இரண்டு அலுவலர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அலமாரி திறந்து கிடந்தது. எப்படி உள்ளே வந்தீர்கள் என்று கேட்டதற்கு, உங்கள் சாவியில்தான் என்றார்கள். நான் கொடுக்கவில்லையே என்றதற்கு ஒப்புதல் படிவத்தைக் காட்டினார்கள். போகும்போது விசாரணை நோட்டீஸோடு சீட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். சீட்டில் இப்படி இருந்தது: ‘கணவர் எழுதிய பழைய கடிதங்கள், ஒரு கட்டு, நாற்பத்தொன்று. முழுவதும் படிக்கப்பட்டன. ஆட்சேபகரமாக எதுவும் இல்லை.’

அக்கா அந்தச் சீட்டோடு நேராகக் கடைக்கு வந்தாள். வெயிலில் நடந்து வந்த மூச்சு அடங்கவே நேரமாயிற்று. யாரோ தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்கள் என்றாள். இல்லை என்று சொன்னதற்காகத் தன்மேலேயே விசாரணை வைத்திருக்கிறார்கள், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

“நீ வந்து சொல்லுடா, அது என் கையெழுத்து இல்லன்னு. சின்ன வயசுலேர்ந்து பார்த்திருக்கே. உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?”

“வரேன்க்கா” என்றார் அவர், கையில் இருந்த அரத்தைப் பார்த்துக்கொண்டு.

வியாழக்கிழமைவரை இருந்த மூன்று நாளும் அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மனைவியிடம் சொன்னார். அவள், ஒத்து வாழச் சொன்னேன், கூடப் பிறந்தவளையா கொடுக்கச் சொன்னேன் என்று மட்டும் கேட்டாள்.

விசாரணை அறையில் துணை இயக்குநர் நடுவில் இருந்தார். இரு பக்கமும் இரண்டு பேர். ஒருவர் தலையாட்டினார், மற்றவர் எழுதினார். குற்றம் வாசிக்கப்பட்டது: தான் விருப்பப்பட்டுக் கொடுத்ததை, விருப்பப்படவில்லை என்று பொய்யாகக் கூறித் தன் சொந்த விருப்பத்தை அவமதித்தது.

“விருப்பம் என்னுது” என்றாள் அக்கா. “அதை நான் அவமதிச்சா, கோவிச்சுக்க வேண்டியதும் நான்தானே?”

எழுதுகிறவர் ‘எதிர்க்கேள்வி கேட்டார்’ என்று எழுதிக்கொண்டார்.

சாட்சியைக் கூப்பிட்டார்கள். சாவிக்காரர் எழுந்தார். அக்கா அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், தைரியமாகச் சொல் என்பதுபோல. அந்தத் தலையசைப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அவர் வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாரோ என்னவோ.

“அது அக்கா கையெழுத்து இல்லைங்க. நான் போட்டது. சாவியும் நான்தான் வெட்டினேன். அக்காவுக்குத் தெரியாது.”

துணை இயக்குநர் அவரைக் கனிவோடு பார்த்தார்.

“அக்கா மேல உங்களுக்கு இருக்கற பாசம் புரியுதுங்க. ஆனா அதுக்காகப் பொய் சொல்லக் கூடாது.”

பொய் இல்லை என்றார் சாவிக்காரர். ஒரு தாளை வாங்கி, அவர்கள் கண்ணெதிரிலேயே அக்காவின் கையெழுத்தைப் போட்டுக் காட்டினார். மூவரும் அதைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

“ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு” என்றார் துணை இயக்குநர். “அப்ப அது உங்க அக்கா கையெழுத்தேதான். இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?” பிறகு பொறுமையாக, தம்பிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “நீங்க சொல்றபடி பார்த்தா வார்டு முழுமை ஆகல. முழுமை ஆகாத வார்டுக்கு அமைச்சர் கேடயம் குடுத்ததா ஆகும். அமைச்சர் அப்படிக் குடுக்க மாட்டார். அதனால நீங்க போட்டிருக்க முடியாது. உண்மை என்னங்கறது எங்களுக்குத் தெரியும், நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க.”

‘சாட்சி உணர்ச்சிவசப்பட்டார்’ என்று எழுதப்பட்டது. தீர்ப்பும் அங்கேயே வந்தது. அக்காவுக்கு வயதின் காரணமாக மறதி. தண்டனை எதுவும் கிடையாது. தனியாக இருப்பவர், மறதி வேறு, ஆகவே வாரத்துக்கு இரண்டு நல வருகை. தாழ்ப்பாளும் உடனே அகற்றப்பட வேண்டும். சாவிக்காரரின் குடும்பப் பாசத்தைப் பாராட்டி, தொழில் உரிமம் ஐந்து ஆண்டுக்கு அந்த இடத்திலேயே புதுப்பித்துத் தரப்பட்டது. அவர் வாங்க மறந்து நின்றார். கையில் திணித்தார்கள். ஒரு நாள் சிறையாவது போட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. போட்டிருந்தால், அனுபவித்துவிட்டு வந்து அக்கா முகத்தைப் பார்த்திருக்கலாம்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையில் துடைத்தாள். நேரம் எடுத்துத் துடைத்தாள். பிறகு தம்பியைப் பார்க்காமல் அவரைக் கடந்து படியிறங்கினாள். அவர் நாலடி பின்னால் மூன்று தெருவும் நடந்தார். அவள் திரும்பவில்லை. தன் வீட்டு வாசலுக்குள் நுழையும்போதும் திரும்பவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு முதல் நல வருகை. தாழ்ப்பாளைக் கழற்றச் சாவிக்காரரும் வர வேண்டும் என்று உத்தரவு. வேறு ஆள் போனால் கதவுச் சட்டத்தைப் பெயர்த்துவிடுவான், நாமே போவது மேல் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்த உடனேயே அந்தச் சமாதானம் எந்தப் பட்டறையில் வெட்டியது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலுவலர்கள் பின்னால் படியேறினார்.

அலுவலர் சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு வழுக்கிக்கொண்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. தோளால் தள்ளினார். அப்போதும் திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

இரண்டு அலுவலர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை மாதத்தில் உள்ளே ஆள் இருக்கும் வீட்டுக்கு அவர்கள் வந்ததில்லை. கையேட்டைப் புரட்டினார்கள். தட்டுவது பற்றி அதில் எதுவும் இல்லை. மூத்தவர் யோசித்து, விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினார்.

“யாரு?” என்றது அக்காவின் குரல்.

“இல்ல நலத் துறை.”

“வேணாம்.”

மூத்தவர் தீர்ப்பை வாசித்தார். இரண்டு பக்கம். தாழ்ப்பாள் அசையவில்லை. அவர் சாவிக்காரர் பக்கம் திரும்பி, நீங்கள் திறங்கள் என்றார். சாவிக்காரருக்கு அது கஷ்டமே இல்லை. கதவிடுக்கில் மெல்லிய தகட்டைச் செருகி நெம்பினால் ஐந்து நிமிஷம். கருவிப் பெட்டியில் அந்தத் தகடு மேலேயே இருந்தது. அவர் பெட்டியைத் திறக்காமல் நின்றார்.

“முடியாதுங்களா, மாட்டீங்களா?” என்று கேட்டார் இளையவர், பேனாவோடு. “ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கு.”

“மாட்டேன்” என்றார் சாவிக்காரர். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. இளையவர் மாட்டேன் என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டார். குறி போட்டதும் சாவிக்காரர் சட்டைப் பையிலிருந்து உரிமத்தை எடுத்து அந்தப் படிவத்தின்மேலேயே வைத்தார்.

அப்படியானால் உடைக்கலாமா என்று இளையவர் கேட்டார். மூத்தவர் மறுபடி கையேட்டைப் பார்த்தார். கதவை உடைக்கத் துறைக்கு அதிகாரம் இல்லை. கதவு உடையாமல் பார்த்துக்கொள்ளத்தான் துறையே பிறந்தது, முதல் பக்கத்திலேயே அப்படிப் போட்டிருந்தது. விளக்கம் கேட்டு எழுத வேண்டும் என்றார் அவர். யாருக்கு எழுதுவது என்று பேசிக்கொண்டே இருவரும் படியிறங்கிப் போனார்கள். நாலாவது மாடி என்ற சொல் கீழேயிருந்து கேட்டது.

சாவிக்காரர் தனியாக நின்றார். இந்த வீட்டுக் கதவை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே தள்ளித் திறந்துகொண்டு போய்த்தான் பழக்கம். இப்போது தட்டினார்.

“யாரு?”

“நான்தான்க்கா.”

உள்ளே காலடி கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவதுகூட அவருக்குக் கேட்டது. அவர் பேசியது அனைத்தையும் அவள் கேட்டிருப்பாள். அதைச் சொல்லிக் காட்டி உள்ளே போக அவருக்கு வாய் வரவில்லை. அந்த நாற்பத்தொரு கடிதங்களை நினைத்துக்கொண்டார்.

“உள்ள வரலாமாக்கா?” என்று கேட்டார்.

உள்ளேயிருந்து அக்கா சொன்னாள்: “இன்னிக்கு வேணாம்டா.”

“சரிக்கா” என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.